தந்தை வழிச் சட்டம், தாய் வழிச் சமையல்

டிசம்பர் பிறந்துவிட்டால் லிங்கராஜபுரத்தின் சில வீடுகளில் சாப்பாட்டு மேஜை மாவு மேஜையாகிவிடும். மைதா, முட்டை, தேங்காய்ப் பால், சர்க்கரை சேர்த்துப் பிசைந்த மாவைப் பாட்டி சின்னச் சின்ன உருண்டைகளாகக் கிள்ளிப் போடுவார். பேரப்பிள்ளைகள் ஒவ்வோர் உருண்டையையும் முள்கரண்டியின் முதுகில் வைத்து அழுத்திச் சுருட்ட வேண்டும். சோழி போலச் சுருண்டு விழும் அவற்றை எண்ணெயில் பொரித்து, சர்க்கரைப் பாகில் புரட்டி எடுத்தால் 'குல்குல்'. பக்கத்து அடுப்பில் 'ரோஸ் குக்கி'. பூ வடிவ இரும்பு அச்சைச் சுடவைத்து, மாவில் முக்கி, எண்ணெயில் உதறுகிறார்கள். வாசலில் நிற்கும் தமிழர் யாரும் அதை அச்சு முறுக்கு என்றுதான் சொல்வார்.

இவை ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் பலகாரங்கள். பெங்களூரின் ரயில் பாதையை ஒட்டிய லிங்கராஜபுரம், பக்கத்திலுள்ள குக் டவுன், கம்மனஹள்ளியைப் போலவே, தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் புழங்கும் பகுதி. இந்நகரின் ஆங்கிலோ இந்தியர்களில் கோலார் தங்கவயலிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் உண்டு. 1880-களிலிருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் கீழ் வளர்ந்த அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டன. ஊர் போனது. உணவு மட்டும் கூடவே வந்தது.

தங்கவயலில் பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்ப் பகுதிகளிலிருந்து சென்ற தலித்துகள். மேற்பார்வைப் பணிகளில் பிரிட்டிஷாருக்கு அடுத்த படியில் ஆங்கிலோ இந்தியர்கள். குடியிருப்புகள் தனித்தனி. ஆனால் பங்களாக்களின் அடுப்படியில் இந்தப் பிரிவினை நிற்கவில்லை. ஆயாவும் சமையல்காரியும் கொண்டுவந்த புளியும் மிளகும் கறிவேப்பிலையும் வெள்ளை மேஜை விரிப்பின் மீது ஏறிவிட்டன.

இதற்குச் சரியான சாட்சி 'பெப்பர் வாட்டர்'. புளி, மிளகு, சீரகம், மல்லி, பூண்டு, தக்காளி, கடுகு தாளிப்பு. அதாவது பருப்பில்லாத ரசம். ஆங்கிலோ இந்திய வீட்டில் இது விருந்துச் சாப்பாடு அல்ல. வார நாளில் சோற்றில் ஊற்றி, வறுத்த இறைச்சியுடன் சாப்பிடும் அன்றாட உணவு. உலகத்தின் பெரிய ஓட்டல்களில் இன்றும் கிடைக்கும் 'மல்லிகடானி சூப்' என்பது மிளகுத் தண்ணீர் என்ற தமிழ்ச் சொல்லின் திரிபு. சூப் பெரிய ஓட்டலுக்குப் போனது. மிளகுத் தண்ணீர் வீட்டிலேயே இருந்துவிட்டது.

ஞாயிறு மதியமென்றால் 'பால் கறி'. கைமா இறைச்சியை உருண்டை பிடித்துத் தேங்காய்க் குழம்பில் வேகவைப்பது. நம்மூர்க் கோளா உருண்டைக்கு ஒன்றுவிட்ட உறவு. கூடவே மஞ்சள் சேர்த்துத் தேங்காய்ப் பாலில் வடித்த சோறு. பச்சை வெங்காயம், மிளகாய், வினிகர், சர்க்கரை சேர்த்து அரைத்த 'டெவில் சட்னி'. தங்கவயலில் வளர்ந்த பிரிட்ஜெட் வைட்-குமார் இப்படிப்பட்ட பக்குவங்களைப் புத்தகம் புத்தகமாக எழுதி வைத்தார். அதுவரை பல வீடுகளில் அளவு என்பது கைப்பிடியும் கண் பார்வையும்தான். கைக்குரியவர் போய்விட்டால் அளவும் போய்விடும்.

போவது ஆட்கள் மட்டுமல்ல. ரயில்வே, சுங்கம், அஞ்சல், தந்தித் துறைகளில் ஆங்கிலோ இந்தியர்களுக்கு இருந்த தனிச் சலுகை, அரசியல் சட்டத்தின் 336-வது பிரிவின்படி படிப்படியாகக் குறைந்து பத்தே ஆண்டுகளில் முடிந்துபோனது. பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று வேர்களைத் தேடுகிறார்கள். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் தேவாலயப் பதிவுகள் இருக்கின்றன. கொள்ளுத் தாத்தாவின் படைப்பிரிவு கிடைக்கும். சில சமயம் அவர் பிறந்த கிராமம்கூடக் கிடைக்கும். கொள்ளுப் பாட்டி மட்டும் கிடைக்கமாட்டார். பல பழைய பதிவுகளில் இந்தியத் தாய்க்கு ஞானஸ்நானப் பெயர் மட்டுமே உண்டு. ஊர் கிடையாது, தகப்பன் பெயர் கிடையாது. சிலவற்றில் அந்தப் பெயரும் கிடையாது.

இத்தனைக்கும் இந்தச் சமூகத்தின் கதை தொடங்குவதே அந்தத் தாயிடமிருந்துதான், அதுவும் சென்னையில். கோட்டையிலிருந்த படைவீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கும்படி 1687-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் எழுதினார்கள். பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் தரலாம் என்பது அவர்களுடைய யோசனை. வராகன் கணக்கில் இடம்பெற்ற தாய், வம்சக் கணக்கில் இடம்பெறவில்லை.

சுதந்திர இந்தியாவும் அந்தக் கணக்கைத் திருத்தவில்லை. 1935-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் இருந்த வரையறையே அரசியல் சட்டத்தின் 366(2) பிரிவில் இடம்பெற்றது. தந்தையோ, தந்தை வழி ஆண் முன்னோர் ஒருவரோ ஐரோப்பிய வம்சாவளியினராக இருக்க வேண்டும். இந்தியாவில் நிலையாக வசிக்கும் பெற்றோருக்கு இங்கே பிறந்திருக்க வேண்டும். பெயரில்தான் 'ஆங்கிலோ' இருக்கிறது. சட்டத்துக்குப் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் ஹங்கேரியரும் ஒன்றுதான். ஆனால் அந்த ஐரோப்பியர் ஆணாக இருந்தாக வேண்டும்.

பெண்ணாக இருந்தால்? ஓவியர் அம்ரிதா ஷெர்-கில்லின் குடும்பத்தைப் பார்த்தால் போதும். 1913-ல் புடாபெஸ்டில் பிறந்த அம்ரிதாவின் தாய் மரி அந்துவானெத் ஹங்கேரியர். தந்தை உம்ராவ் சிங், சீக்கியர். அம்ரிதாவின் தங்கை இந்திரா மணந்தது ஒரு தமிழரை. இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் கமிஷனராக 1958 முதல் 1967 வரை இருந்த கே.வி.கே. சுந்தரம்தான் அவர். அவர்களின் மகன், 1943-ல் சிம்லாவில் பிறந்த ஓவியர் விவான் சுந்தரம். சட்டத்தின் கண்ணில் இவருடைய ஹங்கேரியப் பாட்டி கணக்கில் வரமாட்டார். விவானோ அந்தக் கணக்கை வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்டார். தாத்தா உம்ராவ் சிங் எடுத்த குடும்பப் புகைப்படங்களை ஒன்றோடொன்று இணைத்து 2001-02-ல் புதிய படங்களை உருவாக்கினார். அம்ரிதாவின் கடிதங்களைத் தொகுத்து 2010-ல் வெளியிட்டார். அவற்றில் ஹங்கேரிய மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டவையும் உண்டு. 2023-ல் அவர் மறைந்தபோது அந்தப் பாட்டிக்கு இந்தியக் கலை வரலாற்றில் ஒரு முகம் இருந்தது.

ஹங்கேரி வேறொரு வழியில் கணக்குப் போடுகிறது. 2011 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த எளிய குடியுரிமை முறைப்படி, முன்னோர் ஒருவர் ஹங்கேரியக் குடிமக்களில் ஒருவராக இருந்ததைக் காட்டுவதோடு விண்ணப்பதாரருக்கு அந்த மொழியும் தெரிந்திருக்க வேண்டும். இதன் பின்னால் ஓட்டுக் கணக்கு உண்டு என்பது வேறு விஷயம். இருந்தாலும், வம்சம் என்பது ரத்தம் மட்டுமல்ல, நாவில் மிஞ்சியிருப்பதும்தான் என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது.

அந்த அளவுகோலை லிங்கராஜபுரத்தில் வைத்துப் பார்த்தால் விடை தலைகீழாகும். தாத்தாவின் பூர்வீகக் கிராமத்திலிருந்து குடும்பப் பெயர் ஒன்று வந்திருக்கலாம். பாட்டியின் பூர்வீகத்திலிருந்து தினசரிச் சோறே வந்திருக்கிறது. காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் தமிழும் வந்திருக்கிறது.

ஆங்கிலோ இந்தியர்கள் தந்தை வழியை மட்டும் தூக்கிப் பிடித்தார்கள் என்று குறை சொல்வது எளிது. வெள்ளைக்காரர் ஆட்சியில் வேலையும் வீடும் அந்த வழியைக் காட்டினால்தான் கிடைத்தன. கறுப்புப் பாட்டியை மறைப்பது பிழைப்புக்கான தந்திரமாகவும் இருந்தது. ஆனால் மறைத்தது ஒரு தரப்பு மட்டுமா? சிப்பாயுடன் போன மகளைத் தலைமுழுகிய குடும்பங்கள் தமிழகத்திலும் உண்டு. சாதி பார்த்து வரன் தேடும் சமூகம் அவளைத் தன் வம்சாவளியில் எழுதவில்லை. இரண்டு குடும்ப மரங்களிலும் இல்லாத பெண் அவள். சட்டத்தில் விடுபட்டதற்குச் சட்டம் பொறுப்பு. இங்கே விடுபட்டதற்கு யார் பொறுப்பு?

அரசியல் சட்டம் தந்த அடையாளத்தின் பலனும் சுருங்கிவிட்டது. மக்களவையில் இரண்டு பேர்வரை நியமிக்க இருந்த ஏற்பாடு, 104-வது திருத்தத்தால் 2020 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. சட்டமன்ற நியமனங்களும் அதோடு போயின. தந்தை வழியை நிரூபித்து இனி பெறுவதற்குப் பெரிதாக எதுவுமில்லை. தாய் வழியை ஒப்புக்கொள்வதால் இழப்பதற்கும் எதுவுமில்லை.

ஒப்புக்கொள்வதற்கு ஆவணக் காப்பகம் தேவையில்லை. லிங்கராஜபுரத்தில் இன்னும் பாட்டிகள் இருக்கிறார்கள். குல்குல் உருட்டும் நேரத்தில் அவர்களிடம் இரண்டே கேள்விகள் கேட்டு எழுதி வைக்கலாம். இதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அவருடைய ஊர் எது? பதிவேட்டில் விடுபட்ட பெயர்களில் சிலவாவது மாவு காய்வதற்குள் கிடைத்துவிடும்.