கறுப்புப் பட்டைக் கதையும் டொயோட்டா வண்டியும்

எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர், தமிழ் மேடைகளில் பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் அந்தக் கதையை மீண்டும் ஒருமுறை சொன்னார். ஜப்பானில் தொழிலாளிக்கு நிர்வாகத்தின் மேல் கோபம் வந்தால் வேலையை நிறுத்த மாட்டானாம். கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வழக்கத்தைவிடக் கூடுதலாக உற்பத்தி செய்வானாம். செருப்புத் தொழிற்சாலையென்றால் இடக்கால் செருப்பை மட்டும் செய்து குவிப்பானாம். “அதனால்தான் டொயோட்டா கெட்டுப்போவதே இல்லை. என்னுடைய இன்னோவா மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. எண்ணெய் மாற்றியதைத் தவிர வேறு செலவில்லை. ஜப்பான்காரனுக்கு உழைப்பு ரத்தத்திலேயே ஊறியது” என்று முடித்தார். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

கடைசி இரண்டு வரிசைகளில் எங்கள் கல்லூரியின் தொகுப்பூதிய விரிவுரையாளர்கள் அமர்ந்திருந்தனர். மூன்று மாத ஊதிய நிலுவையைக் கேட்டு முந்தைய வாரம்தான் அவர்கள் அரைநாள் வகுப்புகளைப் புறக்கணித்திருந்தார்கள். கதை யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பது அரங்கில் எல்லோருக்கும் விளங்கியது. மாணவர்கள் சிலர் திரும்பியே பார்த்தார்கள்.

மேடைக் கதைகளை எல்லாம் மறுத்து எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதை அறிவேன். ஆனால் இந்தக் கதை வெறும் அறியாமையால் பரவுவதன்று. ஊதியம் கேட்பவனை வெட்கப்படவைப்பதற்காக ஒரு நாட்டின் தொழிலாளர் வரலாற்றையே துடைத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பொம்மையை நிறுத்துகிறது. அந்தப் பொம்மைக்குச் சாட்சியாக ஒரு வண்டியை அழைத்துவருகிறது. ஆகவே அந்த வண்டியின் வரலாற்றிலிருந்தே பதில் சொல்ல விரும்புகிறேன்.

ரத்தம் என்கிறார்களே, அதிலிருந்து தொடங்கலாம். ஐச்சி மாநிலத்தின் கரியா நகரிலிருந்த டொயோடா தானியங்கித் தறி நிறுவனத்தில் 1933இல் ஒரு வாகனப் பிரிவு தொடங்கப்பட்டது. தறியை உருவாக்கிய சாக்கிச்சி டொயோடாவின் மகன் கீச்சிரோ அதை நடத்தினார். 1935இல் ஜி1 என்ற முதல் லாரியை அறிமுகப்படுத்தத் தோக்கியோவுக்குக் கொண்டுசென்றபோது வழியிலேயே ஒரு லாரி பழுதாகி நின்றது. விற்பனையான லாரிகளும் அடிக்கடி நின்றன. தனி நிறுவனமாக டொயோட்டா பதிவானது 1937இல். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1957இல், டொயோபெட் கிரவுன் என்ற காரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஜப்பானின் கரடுமுரடான சாலைகளில் வாடகைக் காராக நன்றாக ஓடிய வண்டி அது. கலிபோர்னியாவின் நெடுஞ்சாலை வேகத்தில் என்ஜின் சூடேறியது, வண்டி நடுங்கியது, ஏற்றத்தில் இழுக்கத் திணறியது. 1958இல் டொயோட்டா அந்நாட்டில் விற்ற வண்டிகள் மொத்தம் 288. அவற்றுள் 287 டொயோபெட், ஒன்றே ஒன்று லேண்ட் குரூசர். விரைவிலேயே கிரவுனைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. 1965இல் கொரோனா காருடன் திரும்பி வந்த பிறகே அங்கே காலூன்ற முடிந்தது. உழைப்பும் தரமும் ரத்தத்தில் ஊறியவை என்றால், 1958இல் அந்த ரத்தம் எங்கே போயிருந்தது?

இடைப்பட்ட காலத்தில் நடந்தது கற்றல். நிறுவனரின் உறவினர் எய்ஜி டொயோடா 1950இல் டெட்ராய்ட்டுக்குச் சென்று ஃபோர்டு தொழிற்சாலையைப் பார்த்துவந்தார். அதே ஆண்டில் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானிய பொறியாளர்களுக்குத் தரக் கட்டுப்பாடு குறித்து வகுப்பெடுத்தார். தேவைப்பட்ட பொருளைத் தேவைப்பட்ட அளவில் மட்டும் எடுத்து வைக்கும் அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டின் முறையைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார் தாய்ச்சி ஓனோ. டெமிங் பெயரிலான பரிசை டொயோட்டா 1965இல் பெற்றது. இவையனைத்தும் கற்கக்கூடியவை, கற்பிக்கக்கூடியவை. இதில் இனக்குணத்துக்கு என்ன வேலை?

இனி வேலைநிறுத்தத்துக்கு வருவோம். போருக்குப் பிந்தைய பணச்சுருக்கத்தில் 1949இல் டொயோட்டா திவாலாகும் நிலைக்கு வந்தது. ஆட்குறைப்புச் செய்வதில்லை என்று கீச்சிரோ வாக்களித்திருந்தார். வங்கிகளின் நெருக்குதலால் அவ்வாக்கு கைவிடப்பட்டது. 1950 ஏப்ரலில் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்கள் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு இரு மடங்கு லாரி செய்துதரவில்லை. வேலையை நிறுத்தினார்கள், கூட்டம் போட்டார்கள், நிர்வாகத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்த அப்போராட்டத்தின் முடிவில் 2,000க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். கீச்சிரோவும் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே ஜூன் மாதம் கொரியப் போர் மூண்டது. அமெரிக்க ராணுவம் கொடுத்த லாரி ஆணைகள் நிறுவனத்தைக் காப்பாற்றின. 1953இல் நிஸ்ஸான் தொழிலாளர்கள் இதைவிடக் கடுமையாகப் போராடினார்கள். கதவடைப்பும், நிர்வாகத்துக்கு இணக்கமான இரண்டாவது சங்கமும் அப்போராட்டத்தை முறித்தன. டொயோட்டாவில் நிர்வாகமும் சங்கமும் கூட்டறிக்கை வெளியிட்டு இணக்கம் பேசியது 1962இல். இந்த மோதல்களின் தோல்வியும் பேரமும் கலந்தே பிற்காலத்தில் உலகம் வியந்த ‘ஜப்பானிய அமைதி’ உருவாயிற்று. சண்டையை மறைத்துவிட்டு உடன்படிக்கையை மட்டும் பண்பாடு என்று காட்டுவது என்ன நேர்மை?

கறுப்புப் பட்டைக்கு ஒரு நிழல் ஆதாரம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோரிக்கை எழுதிய ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்யும் போராட்ட வடிவம் ஜப்பானில் இருந்தது. உற்பத்தியைக் கூட்டிக்கொடுப்பது அதன் பகுதியன்று. ஓர் ஓட்டல் ஊழியர்கள் அவ்வாறு ரிப்பன் அணிந்த வழக்கில், அதுகூட முறையான தொழிற்சங்க நடவடிக்கை ஆகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. நம் பேச்சாளர்கள் போற்றும் அந்த ரிப்பனையும் கழற்றச் சொன்ன நாடுதான் அது.

டொயோட்டா வண்டியின் தரத்துக்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. அதை இலக்கிய வாசகர்கள் ரசிப்பார்கள், ஏனெனில் அது ஓர் எழுத்தில் ஒளிந்திருக்கிறது. சாக்கிச்சி 1924இல் நிறைவுசெய்த தறியில் நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். பிழையான துணி ஒரு விரற்கடைகூட வளராது. அந்தக் கருத்தைக் கார்த் தொழிற்சாலைக்கு ஓனோ விரித்தார். தொழிலாளியின் தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். பிழை கண்டால் யாரும் இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடிவருவார், உடனே தீர்க்க முடியாவிட்டால் வரிசை முழுவதும் நிற்கும். இம்முறைக்கு ஜிதோகா என்று பெயர். தானியங்கி என்று பொருள்படும் அச்சொல்லில் ‘இயக்கம்’ எனும் எழுத்தின் பக்கத்தில் ‘மனிதன்’ எனும் உறுப்பைச் சேர்த்து எழுதுவது டொயோட்டாவின் வழக்கம். உச்சரிப்பு மாறாது, எழுத்தில் மட்டும் ஒரு மனிதன் வந்து நின்றுகொள்வான்.

ஆக, டொயோட்டா தரத்தின் அடிப்படை, வேலையை நிறுத்தும் அதிகாரம் தொழிலாளியிடம் இருப்பது. பிழை நடக்கிறது, நிறுத்துங்கள் என்று கடைநிலை ஊழியன் சொல்லலாம், சொன்னால் தண்டனையில்லை என்ற ஏற்பாடு. கறுப்புப் பட்டைக் கதை கற்பிப்பது இதற்கு நேர்மாறான பாடம்.

இது இனக்குணமன்று என்பதற்கு ஒரு பரிசோதனையே நடந்திருக்கிறது. கலிபோர்னியாவின் ஃபிரிமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய தொழிற்சாலை, விடுப்புக்கும் சச்சரவுக்கும் பெயர்போனது, 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதை மீண்டும் திறந்தபோது, எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள். சங்கமும் அதே சங்கம். அவர்களில் பலரை ஜப்பானுக்கு அழைத்துச்சென்று பயிற்சி கொடுத்தார்கள், கயிற்றைக் கையில் கொடுத்தார்கள், எளிதில் வேலைநீக்கம் செய்வதில்லை என்று ஒப்பந்தம் எழுதினார்கள். சில ஆண்டுகளுக்குள் அங்கே செய்த கார்கள் ஜப்பானில் செய்தவற்றுக்கு நிகராயின. அந்தக் கூட்டுத் தொழிற்சாலை 2010இல் மூடப்பட்டது. ஆனால் அது நிறுவிய உண்மை மூடப்படவில்லை.

இவ்விடத்தில் நிறுத்திக்கொண்டால் நானும் ஒரு விளம்பரத்தை எழுதியவனாவேன். கயிறு கொடுத்த அதே நிறுவனம், அக்கயிற்றை இழுக்க நேரமில்லாத வேகத்தையும் கொடுத்தது. சதோஷி கமாத்தா என்ற பத்திரிகையாளர் 1972இல் தம்மை யாரென்று காட்டிக்கொள்ளாமல் பருவகாலத் தொழிலாளியாக டொயோட்டாவில் சேர்ந்து ஆறு மாதம் பற்சக்கரப்பெட்டிகளைப் பூட்டினார். அந்த நாட்குறிப்பு 1973இல் ‘கார்த் தொழிற்சாலையின் நிராசை’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாயிற்று; 1982இல் ஆங்கிலத்திலும் வந்தது. மேலேறிக்கொண்டேயிருக்கும் பட்டையின் வேகம், வீங்கிய விரல்கள், காவலாளி நிற்கும் விடுதி, ஒப்பந்தம் முடியுமுன் ஓடிப்போகும் சக தொழிலாளிகள் என்று அந்நூல் காட்டும் உலகம், மேடைப் பேச்சாளரின் ஜப்பானில் இல்லை. பருவகாலத் தொழிலாளி என்றால் நிரந்தரமில்லாதவன். எங்கள் அரங்கின் கடைசி இரண்டு வரிசைகளுக்கு அவன் நெருங்கிய உறவினன்.

அது பழைய காலம் என்று சொல்லவும் வழியில்லை. 2002 பிப்ரவரியில் டொயோட்டாவின் த்சுத்சுமி தொழிற்சாலையில் 30 வயதுப் பணியாளர் ஒருவர் இரவுப்பணியின் முடிவில் சரிந்து இறந்தார். இறப்புக்கு முந்தைய மாதத்தில் அவர் செய்த கூடுதல் வேலை 100 மணி நேரத்துக்கும் மேல் என்று 2007இல் நகோயா மாவட்ட நீதிமன்றம் ஏற்றது. ‘தன்னார்வம்’ என்று கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்த தர வட்டக் கூட்டங்களும் வேலையே என்று தீர்ப்புச் சொன்னது. அவருடைய மனைவி ஆண்டுக்கணக்கில் வழக்காடிப் பெற்ற தீர்ப்பு அது. மறு ஆண்டு அக்கூட்டங்களுக்கும் ஊதியம் தருவதாக நிறுவனம் அறிவித்தது. ஊதியம் கேட்பது ஜப்பானியப் பண்பாடு இல்லையென்று அந்தப் பெண்ணிடம் போய் யார் சொல்வது?

உரிமையாளர்களின் அனுபவம் பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யில்லை; ஆனால் முழுமையில்லை. அமெரிக்காவில் ஒருவர் தம் 2007ஆம் ஆண்டு டண்ட்ரா வண்டியை ஒன்பது ஆண்டுகளில் பத்து லட்சம் மைல் ஓட்டினார். 2016இல் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டு புது வண்டி கொடுத்தது. பழையதைப் பிரித்து ஆராய்ந்தது. அவர் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை அதைப் பராமரிப்புக்குக் கொண்டுசென்றவர் என்பதைக் கதை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதே 2016இல்தான், அதே டண்ட்ராவும் டகோமாவும் உள்ளிட்ட வண்டிகளின் அடிச்சட்டம் துருப்பிடித்து அரித்துப்போன வழக்கில், 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு டொயோட்டா உடன்பட்டது. அவர்களும் உரிமையாளர்களே, அவர்கள் மேடையேறுவதில்லை.

2009, 2010ஆம் ஆண்டுகளில் முடுக்கி மிதி சிக்கிக்கொள்ளும் கோளாறுக்காகவும் தரைவிரிப்பில் மாட்டிக்கொள்ளும் கோளாறுக்காகவும் லட்சக்கணக்கான வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்தது. மின்னணுப் பிழை எதுவும் இல்லை என்று அமெரிக்க அரசின் ஆய்வு 2011இல் கூறியது உண்மை. ஆனால் மிதிகளைப் பற்றித் தெரிந்ததை மறைத்ததற்காக 2014இல் 120 கோடி டாலர் செலுத்த நேர்ந்ததும் உண்மை. அளவுக்கு மீறிய வேகத்தில் வளர்ந்துவிட்டோம் என்று தலைவர் அகியோ டொயோடா 2010இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். டொயோட்டாவுக்கு முழுவதும் சொந்தமான டைஹட்சு நிறுவனத்தில் 64 வண்டி வகைகளின் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு நடந்திருப்பது 2023 டிசம்பரில் வெளியாயிற்று. மிக நெருக்கமான காலக்கெடுவின் அழுத்தத்தை முக்கியக் காரணமாக விசாரணைக் குழு சுட்டியது. முடியாது என்று சொல்ல இயலாத இடத்தில் தரமும் பொய்யாகிப்போகிறது. கயிறு தொங்கியும் இழுக்க முடியாத நிலை அது.

இதெல்லாம் தொலைதூரத்துச் செய்தி என்றால், சிறப்பு விருந்தினரின் இன்னோவா பிறந்த இடத்தையாவது பார்க்கலாம். பெங்களூருக்கு அருகே பிடதியில் உள்ளது அத்தொழிற்சாலை. 2014 மார்ச்சில் ஊதியப் பேச்சு முறிந்து அங்கே கதவடைப்பு நடந்தது. 2020 நவம்பரில் வேலைப்பளு உயர்ந்ததாலும் சங்கப் பொறுப்பாளர் ஒருவர் இடைநீக்கம் செய்யப்பட்டதாலும் வேலைநிறுத்தம் வெடித்தது, மறுநாளே கதவடைப்பு. தாம் புகழும் வண்டியின் போல்ட்டுகளை முடுக்கியவர்கள் வேலையை நிறுத்தத் தெரிந்தவர்கள் என்பதை அவர் அறியமாட்டார்.

விழா முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் அந்த இன்னோவாவின் ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று லட்சம் ஓடியும் ஒரு செலவும் இல்லையாமே என்று கேட்டேன். அவர் சிரித்தார். “அப்படியெல்லாம் இல்லீங்க சார். கிளட்ச் ஒரு தடவை மாத்தியிருக்கு, சஸ்பென்ஷன் ரெண்டு தடவை. அவருக்கு எங்க தெரியும், நான்தான கொண்டுபோய் விடுறேன். காலையில ஒரு சத்தம் புதுசா கேட்டாலும் அன்னிக்கே வண்டிய நிறுத்திடுவேன். ஓட்டிக்கிட்டே இருந்தாதான் பெரிய செலவு வரும்.” 

எங்கள் தொகுப்பூதிய விரிவுரையாளர்களின் நிலுவையில் ஒரு மாதத்துக்கானது மட்டும் இதுவரை வந்திருக்கிறது. மறுபடியும் வகுப்பைப் புறக்கணிப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். யாராவது ஜப்பானைக் காட்டி அவர்களைத் தடுத்தால், 1950 ஏப்ரலில் கொரோமோவில் வேலையை நிறுத்தியவர்களைக் காட்டுங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ஊருக்கு 1959 முதல் டொயோட்டா நகரம் என்றே பெயர்.