மரத்துப்போகும் கைக்கு ஒரு பெயர் உண்டு

வாசகர்களே, இதைப் படிக்கும்போதே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்கும்படி மணிக்கட்டை மடக்குங்கள். அப்படியே 60 விநாடி வைத்திருங்கள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றில் ஊசி குத்துவது போலவோ மரத்துப்போவது போலவோ இருந்தால் இந்தக் கட்டுரையைக் கடைசி வரை படியுங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் படியுங்கள். உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இருக்கக்கூடும்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இருந்தது. அம்மா புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் துண்டானதும் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலைக்குப் போனார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து கையை உதறிக்கொண்டு நடப்பார். "கை மரத்துப்போச்சு தம்பி, ஒண்ணுமில்ல, நீ தூங்கு" என்பார். நாங்களும் தூங்கினோம். தைலம் தேய்த்தோம், உருவி விட ஆள் தேடினோம். வாயு என்றார்கள், வயசு என்றார்கள், ரத்த ஓட்டம் சரியில்லை என்றார்கள். ஒரு கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அங்கே அம்மாவிடம் யாரும் "என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்கவில்லை. நாங்களாகவும் சொல்லவில்லை.

இதில் எனக்குத்தான் அதிக வெட்கம். நான் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். படிவம் 3 பாடநூலின் முதல் அத்தியாயமே தூண்டலும் துலங்கலும். ஒவ்வோர் ஆண்டும் வெண்பலகையில் நரம்பை வரைகிறேன். ஆனால், என் வீட்டில் ஒரு நரம்பு நசுங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. சரியான மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் கட்டைவிரலின் அடிப்பகுதியில் இருக்க வேண்டிய சதை மேடு தட்டையாகிவிட்டிருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரவு வலி போயிற்று. சதை திரும்பவில்லை. சேலைக்கு ஊக்கு குத்த இன்றும் என் மனைவிதான் உதவுகிறார்.

அந்த நோயின் பெயர் கார்பல் டன்னல் சிண்ட்ரோம். மணிக்கட்டுக் குகை நோய் என்று சொல்லலாம். சிண்ட்ரோம் என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'சேர்ந்து ஓடுவது' என்று பொருள். பல அறிகுறிகள் ஒன்றாகக் கூடி வருவதைத்தான் மருத்துவம் அப்படி அழைக்கிறது.

உங்கள் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் வளைவாக அமைந்து ஒரு வாய்க்கால் போல இருக்கின்றன. அதன்மேல் மூடி போட்டாற்போல ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. இந்தக் குறுகிய குகைக்குள், விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் அவற்றோடு நடு நரம்பும் செல்கின்றன. எலும்பும் விரியாது, பட்டையும் எளிதில் நெகிழாது. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்தாலோ, நீர் கோத்தாலோ, உள்ளே அழுத்தம் கூடுகிறது. அழுத்தத்தை முதலில் தாங்க முடியாமல் போவது மென்மையான நரம்புக்குத்தான்.

அந்த நரம்பு உணர்ச்சி கொடுப்பது கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவற்றுக்கு. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. அதனால் சுண்டுவிரலைத் தவிர மற்றவை மரத்துப்போனால் அது முக்கியமான தடயம். இரவில் மோசமாவதற்கும் காரணம் உண்டு. தூக்கத்தில் மணிக்கட்டு நம்மை அறியாமல் மடங்கிக்கொள்கிறது. மடங்கினால் குகைக்குள் அழுத்தம் ஏறும். கையை உதறினால் சற்று விடும். நடு இரவில் எழுந்து கையை உதறுவதையே மருத்துவர்கள் ஓர் அறிகுறியாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள்.

மின்கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கெடுவது கம்பியின் மேலுறை. அந்த நிலையில் அழுத்தத்தைக் குறைத்தால் நரம்பு தேறிவிடும். ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் உள்ளிருக்கும் இழையே அறுபடும். அந்த இழை மறுபடி வளர்வது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். கட்டளை வராமல் காய்ந்த தசை பல நேரங்களில் மீள்வதே இல்லை. காலம் ஏன் முக்கியம் என்பது இங்கேதான் இருக்கிறது.

"அந்தக் காலத்தில் நம் பாட்டிமார் அறுபது வயது வரை மரம் வெட்டினார்கள். இந்த நோயெல்லாம் அவர்களுக்கு வந்ததா?" என்று சிலர் கேட்கலாம். வந்திருக்கும் என்பதே என் கருத்து. பெயர்தான் தெரியாது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் மணிக்கட்டில் நடு நரம்பு நசுங்குவதை 1854-லேயே எழுதிவிட்டார். தொடக்கத்தில் நீங்கள் செய்த சோதனை அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஃபேலனின் பெயரால் வழங்குகிறது. மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பரவுவதற்கு முன்பே நோய் எழுதப்பட்டுவிட்டது. தோட்டத்து லயங்களுக்குத்தான் அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

பால்வெட்டைக் கணக்காகப் பாருங்கள். ஒரு நிரையில் சுமார் 500 மரம். ஒரு மரத்துக்கு உளியைப் பத்து முறை இழுக்க வேண்டும் என்று குறைத்து வைத்தாலும் ஒரு காலைக்கு 5,000 இழுப்பு. ஒவ்வொன்றிலும் பிடி இறுகுகிறது, மணிக்கட்டு திரும்புகிறது. வெட்டு தாழ்வாக இருக்கும் மரத்துக்குக் குனிய வேண்டும், உயரத்தில் இருந்தால் கையைத் தூக்கிப்பிடிக்க வேண்டும். பிறகு மங்கிலிருந்து பாலை எடுத்து வாளியில் சுமக்க வேண்டும். செம்பனைக்கு மாறியவர்களுக்கு வேறு பாடு. நீண்ட கம்பின் நுனியில் அரிவாளை மாட்டி, கழுத்தை அண்ணாந்து குலையை இழுக்கும்போது தோளும் கழுத்தும் முதுகும் அடி வாங்குகின்றன. தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கு வந்தவர்களுக்கு உளிக்குப் பதில் திருகுக் கருவியும் பெட்டியும் கிடைத்தன. கை பழைய கைதான்.

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2010-ல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் மணிக்கட்டுக் குகை நோய் இடம்பெற்றுள்ளது. பலம் கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, அதிரும் கருவி, மணிக்கட்டை மிகையாக வளைக்கும் நிலை ஆகியவற்றை அது காரணங்களாகச் சொல்கிறது.

நியாயமாகப் பேச வேண்டுமானால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கை மரத்துப்போகும் எல்லாருக்கும் வேலைதான் காரணம் என்று சொல்ல முடியாது. பெண்களுக்கு இது அதிகம். கர்ப்பக் காலத்தில் நீர் கோப்பதால் வரலாம். தைராய்டு குறைபாடு, உடல் பருமன், மூட்டழற்சி ஆகியவையும் காரணமாகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக நீரிழிவு. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. இந்திய சமூகத்தில் அதன் பாதிப்பு அதிகம் என்பது நமக்குத் தெரிந்ததே. விரலை மடக்கினால் சொடுக்கோடு மாட்டிக்கொள்ளும் விரல் பூட்டு, தலைக்குமேல் கையைத் தூக்கவிடாத உறைந்த தோள் ஆகிய இரண்டும் நீரிழிவுக்காரர்களை அதிகமாகத் தேடி வருபவை. ஆகவே கை மரத்தால் இரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

ஆனால், சர்க்கரை இருக்கிறது என்பதற்காக வேலையை மறந்துவிடுவதும் தவறு. ஏற்கெனவே பலவீனமான நரம்பின்மேல் 5,000 இழுப்பு விழுந்தால் என்ன ஆகும்?

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாட்சினி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்ற கேள்வியையும் மருத்துவர் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம் கிளினிக்குகளில் அந்தக் கேள்வி பல நேரம் கேட்கப்படுவதில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது மருத்துவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும்.

சொல்வதில் சட்டப் பயனும் உண்டு. 1969 தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் சொக்சோ, விபத்துகளுக்கு மட்டுமன்றி வேலையால் வரும் நோய்களுக்கும் இழப்பீடு தருகிறது. நோய் அப்படி ஏற்கப்பட்டு, மருத்துவ விடுப்பு 4 நாளுக்குக் குறையாமல் இருந்தால், சராசரி தினக்கூலியில் 80 விழுக்காடு தற்காலிகச் செயலிழப்புத் தொகையாகக் கிடைக்கும். மருத்துவக் குறிப்பில் வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாவிட்டால் எதைக் காட்டிக் கோருவீர்கள்? தோட்டத்தில் கால் முறிந்தால் சொக்சோவுக்கு ஓடுகிறோம். கை மெல்ல மெல்லச் செத்தால் விதி என்கிறோம். இந்த எண்ணம் மாற வேண்டும்.

முதலாளிமார்களுக்கும் ஒரு சொல். 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. சில விலக்குகள் நீங்கலாக எல்லா வேலையிடங்களையும் அது தழுவுகிறது. வேலையில் உள்ள ஆபத்தை மதிப்பிடுவது இப்போது முதலாளியின் கடமை. உடலுக்கு ஏற்ற வேலைமுறையை மதிப்பிட 2017 முதல் அரசாங்க வழிகாட்டியும் உள்ளது. பெரிய செலவு தேவையில்லை. மழுங்கிய உளிக்குப் பலம் அதிகம் வேண்டும், அதனால் தீட்டிய உளி மணிக்கட்டைக் காக்கும். கைக்கு அடங்கும் கனத்த பிடி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வேலை மாற்றம், சிறு ஓய்வு ஆகியவையும் போதும். தலைவலி மாத்திரை கொடுத்து மறுநாள் அதே இடத்தில் உட்கார வைப்பதைவிட இது மலிவு.

இன்னோர் எச்சரிக்கை. மூட்டு வலிக்கு என்று கடையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கும் மூலிகை உருண்டைகளையும் ஜாமுவையும் நம்பாதீர்கள். சிலவற்றில் டெக்சாமெத்தசோன் எனும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. "மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது" என்றால் சந்தேகப்படுங்கள். அதே மருந்து சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். எம்.ஏ.எல். பதிவெண் இல்லாததை வாங்கவே வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? அரசாங்க சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். தொடக்க நிலையில் சிகிச்சை எளிது. இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு தூங்குவதே பலருக்குப் போதும். குறையாவிட்டால் ஊசி உண்டு. நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் சோதனை உண்டு. அதன் பிறகும் தேவையென்றால், மேல்பட்டையை வெட்டி அழுத்தத்தை விடுவிக்கும் சிறிய அறுவை சிகிச்சை. பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "கத்தி வைத்தால் கை போய்விடும்" என்று அம்மா பயந்தே இரண்டு ஆண்டுகளைக் கழித்தார். கையின் சதையைத் தின்றது அந்த இரண்டு ஆண்டுகள்தான்.

முதுகு வலிக்காரர்களுக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். முதுகு வலியோடு இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, விடியும் வரை காத்திருக்காதீர்கள். முதுகெலும்பின் கீழ்முனை நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி அது. உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இப்போது என் வகுப்பில் நரம்புப் பாடம் வரும்போது மாணவர்களுக்கு ஒரு வீட்டுவேலை கொடுக்கிறேன். வீட்டில் அம்மா, அப்பா, பாட்டி, தாத்தாவை உட்கார வைத்து அந்த 60 விநாடிச் சோதனையைச் செய்து வரச் சொல்கிறேன். சோதனை மட்டும் நோயை உறுதி செய்யாது, மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்பதையும் சொல்கிறேன். போன முறை நான்கு பிள்ளைகள் "ஆமாம் சார், பாட்டிக்கு மரக்குது" என்று வந்து சொன்னார்கள். அதில் இரண்டு பாட்டிகள் கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். மற்ற இருவரிடம், பேரப்பிள்ளைகள் மூலமாக, இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இன்றிரவு யாராவது கையை உதறிக்கொண்டு எழுந்தால், தைலப் புட்டியைத் தேடுவதற்கு முன் எந்தெந்த விரல் மரக்கிறது என்று கேளுங்கள். மறுநாள் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அங்கே போனதும் முதலில் அவர் செய்த வேலையைச் சொல்லுங்கள்.