கார் பார்க்கப் போனோம், செருப்பைப் பார்த்தாங்க

ஒரு காரை ஏன் வாங்கினீங்கன்னு யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க. மைலேஜ், ரீசேல், ஏர்பேக், சர்வீஸ் செலவுன்னு வரிசையா சொல்வாங்க. "ஷோரூம்ல ஒரு பையன் தண்ணி கொண்டு வந்து கொடுத்தான், நின்னு பேசினான், அதான் வாங்கினேன்"னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.

எங்கப்பா சொல்வார். அதைத்தான் இங்க எழுதப் போறேன். நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்களுக்குக் கோபி பக்கம் ஒரு கிராமம். மஞ்சள், கொஞ்சம் தென்னை. அம்மாவுக்கு முட்டி வலி. மாசம் ஒரு தடவை கோயம்புத்தூர் டாக்டர்கிட்ட போகணும். 80 கிலோமீட்டர் சொச்சம். பஸ் படியில அவங்க ஏறுறதைப் பார்க்கவே நமக்கு வலிக்கும். வாடகைக் கார் சொன்னா போக வர ஒரு பெரிய தொகை. அதனால சொந்தமா ஒரு சின்ன கார்னு முடிவாச்சு. வீட்ல இன்ஜினியரிங் படிக்கிற ஒரே ஜீவன் நான்தான்ங்கிறதால ஆராய்ச்சிப் பொறுப்பு எனக்கு. ரெண்டு மாசம் உக்காந்து எக்செல்ல போட்டேன். 14 காலம். வீல்பேஸ், டிக்கி லிட்டர், கிரவுண்ட் கிளியரன்ஸ் எல்லாம். அப்பாகிட்ட காட்டினேன். மேலருந்து கீழ வரைக்கும் பார்த்துட்டு "நல்லாருக்குது சாமி"ன்னார். அவ்வளவுதான் விமர்சனம்.

2025 செப்டம்பர் 22ல சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18 ஆச்சு. நீளம் 4 மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள இருந்தா சின்ன கார். அதுக்கு மேல இருந்த செஸ்ஸும் போயிடுச்சு. அதுக்காகவே காத்திருந்து, ஆயுத பூஜைக்கு முன்னாடி வாரம் போனோம். எங்களை மாதிரியே ஊரே காத்திருந்திருக்கு. ஷோரூம் உள்ள ரேஷன் கடை மாதிரி கூட்டம். இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா அந்த சேல்ஸ்மேன் மேல பழி போடுறதுக்கு முன்னாடி அவர் நிலைமையும் தெரியணும். (கடை பேரு, கம்பெனி பேரு எல்லாம் வேண்டாம். எந்தக் கம்பெனி ஷோரூம்லயும் நடக்கிறதுதான்.)

அப்பா வேட்டி, அரைக்கைச் சட்டை, ஹவாய் செருப்பு. காட்டுல தண்ணி கட்டிட்டு அப்படியே வந்திருந்தார். சேல்ஸ்மேன் பார்வை செருப்புல ஆரம்பிச்சு மெதுவா மேல போச்சு. முகத்துக்கு வரவே இல்லை. பாதியிலயே திரும்பி என்கிட்ட வந்துடுச்சு. "எந்த காலேஜ் சார்? என்ன டிபார்ட்மென்ட்?" அப்புறம் முழுக்க இங்கிலீஷ். அப்பா "சர்வீஸ் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா விடணுங்க?"ன்னு கேட்டா, அவர் என்னைப் பார்த்து பதில் சொல்றார். கேட்டது அப்பா, பணம் அப்பாவோடது, லைசென்ஸ் அப்பாவோடது, பதில் எனக்கு!

"ஓட்டிப் பார்க்கலாங்களா?"ன்னு அப்பா கேட்டார்.

"டெமோ கார் வெளிய போயிருக்கு பெரியவரே."

டெமோ கார் வாசல்லதான் நின்னுட்டிருந்தது. பத்து நிமிஷத்துல ஜீன்ஸ் போட்ட ஒரு ஜோடி அதுல ஏறிப் போச்சு. கடைசியா கொட்டேஷனை என் கையில கொடுத்துட்டு, "பட்ஜெட் டைட்டா இருந்தா பக்கத்துலயே நம்ம பழைய கார் செக்‌ஷன் இருக்கு சார், ஃபாதரை அங்க கூட்டிட்டுப் போங்க"ன்னார். அப்பா எதுவும் சொல்லல. என் கையில இருந்த கொட்டேஷனை வாங்கி நாலா மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு "சரிங்க"ன்னு நடந்தார்.

வெளிய டீக்கடையில உக்காந்து ரொம்ப நேரம் கழிச்சு அம்மாகிட்ட கேட்டார். "நான் அவ்வளவு வயசானவனாவா தெரியறேன்?" அவருக்கு 52.

இந்த இடத்துல ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். உள்ள இருந்த அந்த அரை மணி நேரம் எனக்குப் பிடிச்சிருந்தது. சார் சார்ங்கிறாங்க, இங்கிலீஷ்ல பேசுறாங்க, டார்க் பத்தி நான் ஏதோ கேட்டா "குட் கொஸ்டின் சார்"ங்கிறாங்க. அப்பா பக்கத்துல நிக்கிறதே மறந்துபோச்சு. "அப்பாகிட்ட சொல்லுங்க"ன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லல. டீக்கடையில அந்தக் கேள்வியைக் கேட்டப்புறம்தான் உறைச்சது.

அடுத்த நாள் வேற கம்பெனி. ஊருக்கு வெளிய சின்ன ஷோரூம். என் வயசுப் பையன் ஒருத்தன், அப்பதான் டிரெய்னிங் முடிச்சிருப்பான் போல. "வாங்கய்யா, வாங்கம்மா, முதல்ல உக்காருங்க." தண்ணி வந்தது. அவன் கேட்ட முதல் கேள்வி, "வண்டியில அதிகம் போகப் போறது யாருங்க?" அம்மான்னதும் நேரா அவங்களைப் பின் சீட்டுல ஏறி இறங்கச் சொன்னான். அப்பதான் தெரிஞ்சது, அம்மா ரொம்ப தாழ்வான சீட்ல இருந்து எந்திரிக்க முடியாம கதவைப் பிடிச்சு இழுக்குறாங்கன்னு. சீட் கொஞ்சம் உசரமா இருந்த இன்னொரு மாடல்ல சுலபமா இறங்கிட்டாங்க. என் 14 காலத்துல அம்மாவோட முட்டிக்கு ஒரு காலம் இல்லை.

டெஸ்ட் டிரைவ்ல அப்பாதான் ஓட்டினார். ஒரு காலத்துல டெம்போ ஓட்டினவர், ஆனா பல வருஷமாச்சு. ஸ்பீடு பிரேக்கர்ல ரெண்டு தடவை வண்டி ஆஃப் ஆயிடுச்சு. எனக்கே மானம் போச்சு. அந்தப் பையன், "புது கிளட்சுங்கய்யா, எல்லாருக்கும் முதல்ல இப்படித்தான் நிக்கும்"ன்னான். அப்பா அன்னைக்கே 5,000 அட்வான்ஸ் கட்டிட்டார்.

என் எக்செல் படி அது மூணாவது இடத்துல இருந்த கார். மைலேஜ் கம்மி, டிக்கி சின்னது. வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். "நாம காரை வாங்குறோமா, அந்தப் பையனையா? அவன் ஆறு மாசத்துல வேற வேலைக்குப் போயிடுவான். கார் பத்து வருஷம் வீட்ல நிக்கும்." அப்பா சொன்ன பதில்: "பத்து வருசமும் அங்கதான சாமி சர்வீசுக்குப் போகணும்? காசு குடுக்கறதுக்கு முன்னாடியே நிக்கவச்சுப் பேசறவன், குடுத்ததுக்கு அப்புறம் என்ன பண்ணுவான்?"

சேல்ஸ் வேற, சர்வீஸ் வேறன்னு வாதாடினேன். ஆனா யோசிக்க யோசிக்க அவர் சொன்னதுல விஷயம் இருக்குன்னு தோணிச்சு. ஒரே மாடல் எந்த ஷோரூம்ல வாங்கினாலும் ஒரே காருதான். எக்ஸ் ஷோரூம் விலையும் ஊருக்குள்ள ஏறக்குறைய ஒண்ணுதான். ஒரு டீலருக்கும் இன்னொரு டீலருக்கும் பெரிய வித்தியாசமே அங்க இருக்கிற மனுஷங்கதான். சேல்ஸ்மேன் வேலையை விட்டுப் போகலாம். ஆனா வாடிக்கையாளர்கிட்ட அவர் அப்படிப் பேசினா கேக்க ஆள் இல்லாத கடை அப்படியேதான் இருக்கும். அதனால சேல்ஸ்மேன் நடத்தையைப் பார்த்து காரை முடிவு பண்றது உணர்ச்சிவசப்படறது இல்லை. நாம வாங்கப் போற பொருளோட ஒரு பகுதியை முன்கூட்டியே பரிசோதிக்கிறதுன்னுதான் இப்ப நினைக்கிறேன்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும்னு நினைச்சுடாதீங்க. இயன் ஏர்ஸ்னு ஒரு அமெரிக்க சட்டப் பேராசிரியர், 1991ல ஹார்வர்ட் லா ரிவ்யூவில ஒரு ஆய்வை வெளியிட்டார். சிகாகோ பக்கத்து கார் ஷோரூம்களுக்கு ஆட்களை அனுப்பினார். எல்லாருக்கும் ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி பேச்சு, பேரம் பேசுற விதம் கூட ஒண்ணு. ஆனா டீலர் வச்ச லாபம் மட்டும் ஒண்ணா இல்லை. வெள்ளைக்கார ஆணை விட வெள்ளைக்காரப் பெண்ணுக்கு 40 சதவீதம் அதிக லாபம். கறுப்பின ஆணுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. கறுப்பினப் பெண்ணுக்கு மூணு மடங்குக்கு மேல. இதுல இன்னொரு கொடுமை, வந்தவங்களை அவங்க இனத்தையும் பாலினத்தையும் சேர்ந்த சேல்ஸ் ஆள்கிட்டயே தள்ளி விட்டாங்க, அங்கதான் இருக்கிறதுலயே மோசமான விலை கிடைச்சது. நம்ம ஆளுதானேன்னு நம்பினா நம்ம ஆளே தலையில மிளகாய் அரைக்கிறான்! அங்க நிறம், இங்க செருப்பு. (இங்கயும் நிறம் இல்லைன்னு சொல்ல வரல.)

ஏன் இப்படி? ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர் கொஞ்ச காலம் கார் ஷோரூம்ல இருந்தார். அவர் விளக்கினார். உள்ள வர்ற ஒவ்வொருத்தரையும் ஹாட், வார்ம், கோல்டுன்னு பிரிச்சு எழுதணும். சீக்கிரம் வாங்குறவர் ஹாட். சும்மா பார்க்க வந்தவர் கோல்டு. கையில வர்ற சம்பளம் கம்மி, இன்சென்டிவ் வச்சுத்தான் குடும்பம் ஓடும். மாசக் கடைசியில டார்கெட். அப்ப கோல்டு ஆளோட ஒரு மணி நேரம் செலவழிச்சா அது தன் பாக்கெட்ல இருந்து போற காசு. சரி, நியாயம்தான். ஆனா ஹாட்டா கோல்டான்னு முடிவு பண்ண அவங்க வச்சிருக்கிற தெர்மாமீட்டர் சட்டையும் செருப்பும்னா அது கெட்டுப்போன தெர்மாமீட்டர். அதுவும் எங்க பக்கம்! மஞ்சள் மண்டியில, தறிக்கூடத்துல லட்சங்களை எண்ணுறவங்க வேட்டியிலதான் வருவாங்க. எக்ஸிகியூட்டிவ் மாதிரி டிரஸ் பண்ணிட்டுப் போன என் பேங்க் அக்கவுன்ட்ல அன்னைக்கு இருந்தது 640 ரூபாய்.

தும்கூர் விவசாயி கதை ஞாபகம் இருக்கா? 2022 ஜனவரி. மகிந்திரா ஷோரூமுக்குப் பிக்கப் வண்டி வாங்கப் போனவரை, உன்கிட்ட பத்து ரூபாய் கூட இருக்காதுன்னு அங்க இருந்தவர் கிண்டல் பண்ணினதா செய்தி. அவர் ஒரு மணி நேரத்துக்குள்ள 10 லட்சத்தோட திரும்பி வந்து, இப்பவே வண்டியைக் கொடுன்னு நின்னார். உடனே கொடுக்க அவங்களால முடியல. போலீஸ், மன்னிப்புன்னு போய், ஆனந்த் மகிந்திராவே தனிமனித கண்ணியம் எங்க கம்பெனியோட அடிப்படைன்னு ட்வீட் போட்டார். வாட்ஸ்அப்ல எல்லாரும் விசிலடிச்சோம்.

எனக்கு அதுல ஒரு நெருடல் உண்டு. 10 லட்சம் புரட்ட முடிஞ்சதால அவர் ஜெயிச்சார். நிஜமாவே கையில பணம் இல்லாம, ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கலாம்னு ஆசையா பார்க்க வந்தவரா இருந்தா? அவரைக் கிண்டல் பண்ணினது சரியாயிடுமா? கண்ணியத்துக்குப் பணத்தை எடுத்து மேசையில வைக்கணும்னா அப்புறம் அது என்ன கண்ணியம்.

அந்த ரோஷத்துல இன்னொரு ஆபத்தும் இருக்கு. என் மாமா ஒருத்தரை "இந்த மாடல் உங்க பட்ஜெட்டுக்கு வராதுங்க"ன்னு ஒரு சேல்ஸ்மேன் சொன்னார். மாமா என்ன பண்ணினார்னு நினைக்கிறீங்க? அந்த மாடலையே, அதுவும் டாப் எண்டை, அந்த ஆள்கிட்டயே புக் பண்ணினார். ஏழு வருஷ இஎம்ஐ. அவமானப்படுத்தினவருக்கு இன்சென்டிவும் கொடுத்து! அவமானப்பட்டா எழுந்து வந்துடலாம், நான் அப்பா கட்சி. கோபத்தோட கையெழுத்துப் போடுறதுதான் வேண்டாம். அப்பா அந்த ராத்திரி தூங்கி எந்திரிச்சு அடுத்த நாள்தான் வேற கடைக்குப் போனார்.

ஜோ ஜிரார்ட்னு ஒரு அமெரிக்க சேல்ஸ்மேன். 1973ல ஒரே வருஷத்துல 1,425 கார் வித்து கின்னஸ்ல ஏறினவர். ஒவ்வொருத்தருக்கும் கல்யாணம் காட்சிக்கு வர்ற அளவுக்குத் தெரிஞ்சவங்க 250 பேர் இருப்பாங்க, ஒருத்தரைப் பகைச்சா 250 பேரைப் பகைச்ச மாதிரின்னு அவர் கணக்கு. 250ஆ! எங்க ஊர்ல காதுகுத்துக்கே அது பத்தாது. அப்பா தினமும் போற டீக்கடையில இந்தக் கதை இதுவரைக்கும் எத்தனை தடவை ஓடியிருக்கும்னு எனக்கே தெரியாது. அதுக்கப்புறம் எங்க தெருவுல வந்த ரெண்டு காரும் அந்தப் பையன்கிட்ட வாங்கினதுதான்.

சரி, அந்தப் பையன் உத்தமனா? அதையும் சொல்லிடணும். பில்லுல ஃப்ளோர் மேட், பாடி கவர், மட் ஃப்ளாப்னு 9,000 ரூபாய்க்கு ஏத்திட்டான். இன்ஷூரன்ஸ் ஷோரூம்லயேதான் எடுக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை, வெளிய நாமளே எடுத்துக்கலாம். நான் ஆன்லைன்ல பார்த்தப்ப 11,000 கம்மி. அப்பாகிட்ட சொன்னா, "அந்தப் பையனுக்கும் ஏதோ கிடைக்கட்டும் சாமி"ங்கிறார். சிரிச்சுப் பேசுறதுக்கு ஒரு ரேட் இருக்கு, அதுவும் நம்ம தலையிலதான் விழுது. முறைச்ச கடையில நான் கொட்டேஷனை வரி வரியா படிச்சேன். சிரிச்ச கடையில யாரும் படிக்கல. நானும்தான்.

டெலிவரி அன்னைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, அம்மா பின் சீட்ல சுலபமா ஏறி உக்காந்து, போட்டோ எல்லாம் எடுத்தப்புறம் பையன் அப்பாகிட்ட தனியா வந்தான். "கம்பெனில இருந்து போன் வருங்கய்யா. பத்துக்கு எத்தனை மார்க்னு கேப்பாங்க. ஒன்பதுன்னா கூட எனக்கு இன்சென்டிவ் அடிபடும்."

ரெண்டு நாள்ல போன் வந்தது, என் நம்பருக்கு. அப்பாகிட்ட கொடுத்தேன். "பத்துங்க"ன்னார். அந்தப் பொண்ணு வேற ஏதோ கேட்டுட்டே இருக்க, "எல்லாத்துக்கும் பத்துங்க"ன்னு சொல்லி வச்சுட்டார். நானா இருந்தா எட்டுதான் போட்டிருப்பேன். அந்த ஃப்ளோர் மேட்டை இன்னும் மன்னிக்க முடியல.