பவளத் தீவில் நாம் விருந்தாளிகள்

 

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். முன்பெல்லாம் குற்றாலம், ஊட்டி, கொடைக்கானல் என்ற அளவில் முடிந்துவிட்ட அந்தப் பேச்சு அண்மைக் காலமாகக் கடல் கடந்து செல்கிறது. 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக்குச் சென்று, கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து கடலுக்குள் பார்த்த படங்கள் வெளிவந்தன. அதன் பிறகு, 'நாமும் ஒருமுறை போய் வரலாமே' என்னும் ஆவல் பல குடும்பங்களில் எழுந்திருக்கிறது. உற்றார், உறவினர், அண்டை வீட்டார் என இருபது முப்பது பேர் ஒன்றுகூடிக் கொச்சிக்குச் சென்று கப்பலேறத் திட்டமிடுகிறார்கள். வல்ல இறைவனின் படைப்பு விந்தைகளைக் கண்ணாரக் கண்டுவருவது நல்ல செயலே.

ஆயினும், பெட்டி கட்டுமுன் இரண்டு கேள்விகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குச் செல்கிறீர்கள். அந்த வீட்டின் சுவர்மீது ஏறி நின்று மிதிப்பீர்களா? உடன் வந்த தாயாரையும் மனைவியையும் வாசலில் பைகளுக்குக் காவலாக அமர்த்திவிட்டு, நீங்கள் மட்டும் உள்ளே சென்று விருந்துண்டு திரும்புவீர்களா? 'இது என்ன கேள்வி!' என்பீர்கள். பவளத் தீவுகளுக்குச் செல்லும் கூட்டுப் பயணங்களில் இவ்விரண்டுமே நடக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேசப் போகிறோம்.

வீட்டைக் கட்டியவர் யார்?

லட்சத்தீவு 36 சிறு தீவுகளின் கூட்டம் என்று வழக்கமாகக் கூறுவர். அவற்றுள் மக்கள் வாழ்பவை 10 மட்டுமே. எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் சேர்த்தால் சுமார் 32 சதுர கிலோமீட்டர்தான். கடமத் தீவின் மிக அகன்ற இடமே ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். ஒரு கரையில் நின்று மறு கரையின் அலையோசையைக் கேட்கலாம். தரையோ கடல் மட்டத்திற்கு மேல் ஓரிரு மீட்டர் உயரமே உடையது.

இத்தனை சிறிய நிலம் நடுக்கடலில் எவ்வாறு நிற்கிறது? அதனைக் கட்டியவை பவளப் பூச்சிகள் என்று நாம் அழைக்கும் மிகச் சிறிய உயிர்கள். கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தமக்கு ஓடு அமைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்து, அவை பாறையாகின்றன. அந்தப் பாறை தீவைச் சுற்றி மதில்போல் நின்று பேரலைகளை உடைத்துவிடுகிறது. மதிலுக்கு உட்புறம் ஆழமற்ற, அமைதியான நீர்ப்பரப்பு உண்டாகிறது. அங்கேதான் நாம் நீந்தி மகிழ்கிறோம்.

கரையிலுள்ள வெண்மணலும் பவளத்தின் பிள்ளையே. கிளியின் அலகைப் போன்ற வாயுடைய மீன் ஒன்று அங்கே உண்டு, கிளிமீன் என்பர். பாறையில் படர்ந்த பாசிக்காக அது பவளத்தைச் சுரண்டித் தின்கிறது. வயிற்றில் அரைபட்ட சுண்ணாம்பு பின்னர் மணலாக வெளியேறுகிறது. நீங்கள் அமர்ந்து தேநீர் அருந்தும் மணலில் ஒரு பங்கு இவ்வாறு வந்ததே. ஆகவே பவளம் வாழ்ந்தால் தீவு வாழும். பவளம் அழிந்தால் தீவும் நிலைக்காது.

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை ஆண்டுக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். கீழக்கரைப் பகுதியில் ஒன்றும் தூத்துக்குடிப் பகுதியில் ஒன்றுமாக இரண்டு தீவுகள் நீருக்குள் மறைந்தன. மதிலை இடித்தவனுக்கு வீடு மிஞ்சவில்லை.

மிதிக்கும் முன் சிந்தியுங்கள்

உருண்டை வடிவாக வளரும் பவளப் பாறை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே உயர்கிறது. ஒரு மீட்டர் உயரப் பாறையைக் கண்டால் அது நூறாண்டு முதுமை உடையது என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டனார் பிறக்குமுன்பே அது வளரத் தொடங்கியிருக்கக்கூடும். நீந்திக் களைத்தவர் சற்று இளைப்பாற அதன்மேல் கால் ஊன்றினால், மேல்தோலாய் இருக்கும் உயிர்கள் நசுங்கிப் போகின்றன. காலில் மாட்டிய துடுப்பின் ஓர் உதை, கிளை கிளையாக வளர்ந்த பவளத்தை முறித்துவிடுகிறது. ஒருவர் செய்தால் சிறிது. முப்பது பேர் கொண்ட குழு ஒரே இடத்தில் இறங்கி ஆளுக்கொரு முறை மிதித்தால்?

அதுவும் ஏற்கெனவே நலிந்து கிடக்கும் உயிர் அது. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியபோது லட்சத்தீவின் பவளங்கள் வெளுத்துப் போயின. பவளத்தின் உடலுக்குள் நுண்ணிய பாசி வாழ்கிறது. அதுவே பவளத்துக்கு உணவூட்டுகிறது, வண்ணமும் தருகிறது. வெப்பம் மிகுந்தால் அந்தப் பாசி வெளியேறிவிடுகிறது. நெடுநாள் அந்நிலை நீடித்தால் பவளம் பட்டினியால் மடிகிறது. கடலின் வெப்பத்தை நீங்களும் நாமும் ஒரு பயணத்தில் தணித்துவிட முடியாது. நோயாளியின் நெஞ்சில் காலை வைக்காமல் இருப்பது நம்மால் ஆகும்.

நினைவுப் பொருளாக ஒரு துண்டு எடுத்துவரலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூடாது. 2001 முதல் பவளங்களும் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றுள்ளன. கரையில் ஒதுங்கிய காய்ந்த துண்டையும் பையில் போடாதீர்கள். அது நாளைய மணல். அந்தத் தீவின் சொத்து.

குடிநீரின் கதை

ஆறோ ஏரியோ இல்லாத தீவில் குடிநீர் எங்கிருந்து வருகிறது? மணலில் இறங்கும் மழைநீர், கனம் மிகுந்த உப்புநீரின்மேல் மெல்லிய ஆடையைப் போல மிதந்து நிற்கிறது. கிணறு தோண்டி அந்த ஆடையிலிருந்துதான் இறைக்கிறார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறி, கிணறு கரித்துவிடும்.

இக்குறையைப் போக்கச் சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் ஒரு நிலையத்தை அமைத்தது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரைக் குறைந்த காற்றழுத்தத்தில் ஆவியாக்கி, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த குளிர்நீரால் அந்த ஆவியை மீண்டும் நீராக்குகிறார்கள். நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் தரும் திறனுடன் அது தொடங்கப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கவரத்தியில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். முப்பது பேர் கொண்ட ஒரு குழு ஆளுக்கு 100 லிட்டர் வீதம் குளித்தும் துவைத்தும் செலவிட்டால் 3,000 லிட்டர்! அந்த நிலையம் ஒரு நாளில் தரும் நீரில் நூற்றில் மூன்று பங்கு. உளூவுக்குக்கூட நீரை அளந்து செலவிடக் கற்ற சமுதாயம் நாம். குழாயைத் திறந்து விட்டபடி உப்பைக் கழுவிக்கொண்டிருப்பது நமக்கு அழகா?

வாசலில் அமர்ந்திருப்பவர்கள்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஆண்களும் சிறுவர்களும் நீரில் இறங்கிவிடுகிறார்கள். வண்ணத்துப்பூச்சி மீனையும், கடற்புல் மேயும் ஆமையையும் பார்த்துவிட்டு, 'அற்புதம், அற்புதம்' என்று கூவியபடி கரையேறுகிறார்கள். பெண்களோ தென்னை நிழலில் செருப்புகளுக்கும் கைப்பேசிகளுக்கும் காவலிருக்கிறார்கள். கைக்குழந்தையும் அவர்கள் மடியில்தான். பயணச் செலவு இருபாலருக்கும் ஒன்றே. காட்சி மட்டும் ஒருவருக்கு!

'உடை விஷயம் இருக்கிறதே' என்பீர்கள். உண்மையில் பவளக் கடலுக்கு ஏற்ற உடையே உடலை மூடிய உடைதான். வெயிலிலிருந்து தோலைக் காப்பதும், பவளத்தின் கூர்முனை கீறாமல் காப்பதும் அதுவே. வெற்றுடம்புடன் நீந்துவோர் பூசிக்கொள்ளும் வெயில் காப்புக் களிம்புகள் சிலவற்றில் பவளத்துக்குத் தீங்கு செய்யும் வேதிப்பொருள்கள் உள்ளன. பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 முதல் அத்தகைய களிம்புகளைத் தடை செய்துவிட்டது. உடலை மூடியவருக்குக் களிம்பின் தேவையே மிகக் குறைவு. நம் பெண்களுக்கு எது தடை என்று நினைத்தோமோ, அதுவே பவளத்துக்கு நன்மையாய் அமைந்திருப்பதைப் பாருங்கள்!

ஆனால் ஓர் எச்சரிக்கை. புர்கா, சேலை, துப்பட்டா ஆகியவற்றுடன் நீரில் இறங்குவது ஆபத்து. தளர்ந்த துணி நீரை ஏந்திக் கனத்து, காலைப் பின்னிக் கீழே இழுக்கும். தலை முதல் கணுக்கால் வரை மூடும் நீச்சல் உடை இப்போது கடைகளில் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் வாழும் அஹீதா ஸனெத்தி என்னும் முஸ்லிம் பெண்மணி 2004இல் வடிவமைத்த 'புர்கினி'யே இவற்றுக்கு முன்னோடி. ஊரிலேயே வாங்கி, அணிந்து பழகிச் செல்லுங்கள். பெண்களுக்கெனத் தனி நேரமும், கூட்டமில்லாத இடமும் ஒதுக்க முடியுமா என்று பயண ஏற்பாட்டாளரிடம் முன்பணம் செலுத்துமுன் கேளுங்கள். அந்த நேரத்தில் பைகளையும் குழந்தைகளையும் ஆண்கள் காக்கட்டும்.

நாம் செல்லும் தீவுகளின் வழக்கத்தையும் இங்கே நினைவுகூரலாம். 2011 கணக்கெடுப்பின்படி லட்சத்தீவில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் முஸ்லிம்கள். வீடும் தோப்பும் தாய்வழியாக வரும் தறவாட்டு முறை அங்கே நெடுங்காலம் நிலவிவந்தது. பெண்ணின் வீட்டில் ஆண் விருந்தாளியாகச் சென்ற மண் அது. அங்கே போய் நம் பெண்களை வாசலில் அமர்த்தலாமா?

நீரில் இறங்குமுன்

கண்ணாடி முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்த பின்பும் ஒட்டி நின்றால் அது உங்களுக்கு உரியது. தலைத்துணியின் ஓரமோ முடியோ அதன் ரப்பர் விளிம்புக்கு அடியில் சிக்கினால் தண்ணீர் கசியும். ஆகவே பெண்கள் நெற்றியோடு நிற்கும் இறுக்கமான தலையுறை அணிந்து, அதன்மேல் வாரை மாட்டுங்கள். தாடி இடையூறு ஆகாது. அடர்ந்த மீசைதான் கசிவுக்கு வழி. அதனை நன்கு கத்தரித்தவருக்குத் தொல்லை குறைவு.

மூச்சை வாயால் மட்டும், நிதானமாக விடுங்கள். குழலில் நீர் புகுந்தால் பலமாக ஒரு முறை ஊதினால் வெளியேறும். இடுப்பளவு நீரில் கால் மணி நேரம் பழகிய பின்னரே உள்ளே செல்லுங்கள். நீந்தத் தெரிந்தவரும் மிதவைச் சட்டை அணியுங்கள். அது உயிரையும் காக்கும். மேலே மிதப்பவர் பவளத்தை மிதிக்கவும் மாட்டார். இருவர் இருவராகவே செல்லுங்கள். வயிறு நிறைய உண்ட உடனே இறங்காதீர்கள். இதய நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. பாறை மதிலின் இடைவெளிகளில் நீரோட்டம் வலிமையானது. வழிகாட்டி காட்டும் எல்லையைத் தாண்டாதீர்கள். பயணத்துக்கு ஒருவரை அமீராகத் தேர்ந்தெடுப்பது நம் வழக்கம். அவர் கரையில் நின்று தலைகளை எண்ணட்டும்.

வெளியூரார் லட்சத்தீவுக்குள் நுழைய முன்அனுமதி பெற வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

வீட்டுக்காரரையும் மறவாதீர்

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மாசிக் கருவாட்டை அறியாத அடுப்பங்கரை உண்டா? அந்த மாசி சூரை மீனால் ஆனது. லட்சத்தீவு மீனவர்கள் சூரையை வலை வீசி அள்ளுவதில்லை. தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாகப் பிடிப்பதே அவர்கள் மரபு. அதற்கு உயிருள்ள சிறு மீன்கள் இரையாக வேண்டும். அச்சிறு மீன்கள் பவளப் பாறைகளின் மடியில்தான் வாழ்கின்றன. நாம் முறிக்கும் ஒரு கிளை, அந்த மீனவரின் அடுப்பைச் சென்று தொடுகிறது.

எனவே அங்கே சந்திக்கும் மக்களுக்கு முதலில் ஸலாம் சொல்லுங்கள். அவர்கள் பள்ளிவாசலில் அவர்களோடு தொழுங்கள். பெண்களையும் வீட்டு முற்றங்களையும் கேளாமல் படம் எடுக்காதீர்கள். நெகிழிப் புட்டியும் உறையும் எத்தனை கொண்டு சென்றீர்களோ, அத்தனையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். குப்பை கொட்ட அங்கே நிலம் இல்லை.

இம்மாதம் உங்கள் குழு ஒன்றுகூடிப் பேசும்போது கட்டணத்தையும் தேதியையும் முடிவு செய்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். 'நம் வீட்டுப் பெண்கள் கடலுக்குள் பார்க்க என்ன ஏற்பாடு?' என்றும் ஒருவர் கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு விடை கண்ட பின்னர் முன்பணம் செலுத்துங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்! வஸ்ஸலாம்.