'நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு?' - இதய மரபணுவில் விடுபட்ட 25 எழுத்துகள்

அருப்புக்கோட்டை - திருச்சுழி பக்கம், எம்.ரெட்டியபட்டி மாதிரியான மானாவாரி ஊர்களில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் திடீரென இறந்தால், துக்க வீட்டில் எல்லோரும் கேட்பது இதைத்தான்: "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு?" 'நெஞ்சடைப்பு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் எல்லாமே ரத்தக்குழாய் அடைப்பு அல்ல. சில குடும்பங்களில் இதயத் தசையிலேயே பிரச்சினை இருக்கலாம். அது பரம்பரையாகவும் வரலாம்.

எந்த மரபணு?

பெயர் எம்ஒய்பிபிசி3. 11-வது குரோமோசோமில் இருக்கிறது. இது உருவாக்கும் புரதம், இதயத் தசை சுருங்கி விரிவதைக் கட்டுக்குள் வைக்கிறது. வண்டி மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. இழுப்பது மயோசின் என்ற இன்னொரு புரதம். அளவோடு இழுக்க வைப்பது இது.

மதுரைக்கு என்ன தொடர்பு?

இந்த மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டால், புரதத்தின் வால் பகுதி மாறிப்போகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் சிசிஎம்பி-யின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2009-ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் இதுபற்றி எழுதினார்கள். தெற்காசியர்களில் சுமார் 4% பேரிடம் இந்த மாற்றம் உண்டு. 50 பேர் உட்கார்ந்திருக்கும் டவுன் பஸ்ஸில் சராசரியாக 2 பேர்!

அப்போ பயப்படணுமா?

வேண்டாம். இந்த மாற்றம் உள்ள பெரும்பாலானோருக்குப் பெரிய பாதிப்பு இல்லை, அதே மரபணுவில் வேறு மாற்றமும் சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50% வாய்ப்பு. இருவருக்கும் இருந்தால், நான்கில் ஒரு வாய்ப்பில் பிள்ளைக்கு இரண்டு பிரதியும் வரும். அப்போது பாதிப்பு கடுமையாகலாம். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனை தேவையில்லை, கட்டுப்படியாகவும் ஆகாது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். அதே வாசலில் இன்னொரு கேள்வியையும் கேட்கலாம்: "உங்க வீட்டுல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?" 'ஆமா' என்று சொல்லும் குடும்பத்துக்கு ஈசிஜி, எக்கோ எடுக்க வழி செய்ய வேண்டும். மதுரை ஆய்வகத்தில் தெரிந்துகொண்ட விஷயம் பக்கத்து மாவட்டக் கிராமத்துக்கு வந்து சேர, முதலில் இந்தக் கேள்வி வர வேண்டும்.