ஒளிந்திருக்கும் அலையைத் தேடி

கல்யாணிலிருந்து புறநகர் மின்தொடர்வண்டியில் தாதர் சென்று, மேற்கு வழித்தடத்திற்கு மாறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கினால் லாமிங்டன் சாலை நடைதொலைவில் உள்ளது. மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் கைப்பிடிக் கணக்கில் விற்கும் கடைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. நம் மாணவர்களோ கைப்பேசியின் உறையும் மின்னேற்றியும் வாங்குவதற்கே அச்சாலைக்குச் செல்கின்றனர். உதிரிப் பாகங்களை வாங்கி வந்து, தம் கையால் ஒரு கருவியைச் செய்து பார்ப்பதற்காகவும் அவர்கள் அங்கே செல்ல வேண்டும் என்பது என் கருத்து.

எதைச் செய்வது என்ற வினா எழலாம். அமெச்சூர் வானொலியினரிடையே 'நரி வேட்டை' என்றொரு விளையாட்டு உண்டு. சிறிய அலைபரப்பி ஒன்றைப் புதரிலோ பாழ்சுவரின் பின்னாலோ ஒளித்து வைப்பர், அதுவே நரி. அதன் அலை வரும் திசையைக் கருவியால் அறிந்து, நடந்தும் ஓடியும் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். உலக அளவிலான போட்டிகளில் ஐந்து நரிகள் முறைவைத்து ஒவ்வொரு நிமிடம் ஒலிக்கும். ஒரு நரி ஒலித்து ஓய்ந்தால், அது மீண்டும் ஒலிக்க நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். காலும் கருத்தும் ஒருசேர உழைக்கும் விளையாட்டு இது.

இதற்கு வேண்டிய திசை அலைவாங்கியை வீட்டிலேயே செய்யலாம். தச்சர் பயன்படுத்தும் எஃகு அளவுநாடாவை வெட்டி, பி.வி.சி. குழாயின் குறுக்கே மூன்று துண்டுகளாகப் பொருத்துவர். 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டு மீட்டர். அதில் பாதி ஒரு மீட்டர். ஆகவே நடுத்துண்டு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும், பின்துண்டு அதைவிட நீண்டும், முன்துண்டு அதைவிடக் குறுகியும் இருக்கும். அளவுநாடா வளைந்து நிமிரும் இயல்புடையது. மாலை நேரக் கல்யாண் வண்டியின் நெரிசலிலும் முறியாமல் வீடு வந்து சேரும்!

நரியை நெருங்கிய பின்னரே உண்மையான சிக்கல் தொடங்குகிறது. அலை வலுத்து, எத்திசையில் திரும்பினாலும் ஒலி ஒன்றுபோலவே கேட்கும். அப்போது ஏற்பியை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்லச் சுழல வேண்டும். ஒலி எங்கே மிகவும் மங்குகிறதோ, அங்கே நம் முதுகுக்குப் பின்னால் நரி இருக்கும். நம் உடலே அலையை மறைக்கிறது. அடுக்குமாடிக் கட்டடங்கள் நிறைந்த நம் பகுதியில் சுவரில் பட்டுத் திரும்பும் அலை நம்மை எதிர்த்திசைக்கும் இழுத்துச் செல்லும். இவ்வாறு ஒருமுறை ஏமாந்தவனுக்கு எதிரொளிப்பு என்னும் பாடத்தை மீண்டும் நடத்த வேண்டியதில்லை.

"தேர்வுக்குப் படிக்கும் காலத்தில் இது எதற்கு?" என்று பெற்றோர் கேட்பர். ஒற்றை அறை வீட்டில் சூடேறிய பற்றவைப்புக்கோலை எங்கே வைப்பது என்ற கவலையும் நியாயமானதே. அதற்குப் பள்ளியின் ஆய்வகத்தை மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தல் போதும். "ஆயத்தக் கருவியே மலிவாகக் கிடைக்கிறதே" என்னும் வாதத்தை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான் 'பிட்எக்ஸ்' என்னும் அலைபரப்பி-ஏற்பியை வடிவமைத்தபோது, கம்பிச்சுருள் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாயின் வாஷரைப் பயன்படுத்தினார். அக்கருவியைப் பிற நாட்டினரும் செய்து பயன்படுத்தினர். வாங்கிய பெட்டியைத் திறந்தே பாராதவனுக்கு வாஷரின் மேல் கண் செல்லுமா?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசி இணைப்புகள் அறுந்தபோது, பாரதி பிரசாத் என்னும் பெண்மணியும் அவர் குழுவினரும் அமெச்சூர் வானொலிப் பணிக்காகப் போர்ட் பிளேயரில் தங்கியிருந்தனர். அவர்களுடைய கருவி வழியாகவே பலரின் நலச்செய்திகள் பெருநிலத்தில் இருந்த உறவினரை அடைந்தன.

உரிமம் இன்றி அலைபரப்புதல் குற்றமாகும். 12 வயது நிறைந்தோர் நடுவண் அரசின் தேர்வை எழுதி உரிமம் பெறலாம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் வானொலியில் மத்திய அலை நிலையம் ஒன்றை வைத்து, திறந்த வெளியில் மெல்லத் திருப்புங்கள். ஒலி மிகவும் மங்கும் நிலையில், உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டின் முனை நிலையத்தை நோக்கி இருக்கும். அது முன்னே இருக்கிறதா, பின்னே இருக்கிறதா என்று ஒரே இடத்தில் நின்று கூற முடியாது. கல்யாணில் ஒரு கோடும், விடுமுறையில் செம்பூரில் உள்ள மாமா வீட்டுக்குச் செல்லும்போது மற்றொரு கோடும் வரைபடத்தில் வரையுங்கள். அவை வெட்டும் புள்ளி சில கிலோமீட்டர் தவறக்கூடும். தவறினால் மாட்டுங்காவில் இறங்கி மூன்றாவது கோட்டை வரையுங்கள்.