மிட் டிரைவ் பக்தர்களுக்கு ஆண்டாப் ஹில்லிலிருந்து ஒரு மறுப்பு

"எலக்ட்ரிக் மவுண்டன் பைக் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்று நம்ம ஆட்களிடம் வாயைத் திறந்து பாருங்கள். ஆபீஸில் ஒருவர், மாட்டுங்கா காபிக் கடையில் ஒருவர், ஜெர்மனியில் இருக்கும் மச்சான் ஒருவர், மூவரும் ஒரே மந்திரத்தைச் சொல்வார்கள்: "மிட் டிரைவ் எடு, இல்லேன்னா எடுக்கவே எடுக்காதே. ஹப் மோட்டாரெல்லாம் பொம்மை."

இந்த மந்திரம் நமக்குப் பொருந்தாது என்பதுதான் என் கட்சி. ஆல்ப்ஸ் மலையில் ஓட்டுகிறவன் எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு ஆண்டாப் ஹில்லில் சைக்கிள் வாங்குவது, சிம்லாக்காரன் சொன்னான் என்று சென்னையில் கம்பளி வாங்குவது மாதிரி.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஹப் மோட்டார் சக்கரத்தின் நடுவிலேயே உட்கார்ந்து சக்கரத்தை நேராகச் சுற்றும். 1895-லேயே அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். மிட் டிரைவ் பெடல் அச்சில் உட்கார்ந்து, நம் கால் இழுக்கும் அதே செயினை இழுக்கும். 1993-ல் யமஹா விற்க ஆரம்பித்த பாஸ் சைக்கிளில் மோட்டார் இருந்தது நடுவில்தான். ஆக, இரண்டுமே நேற்று முளைத்த சரக்கு இல்லை.

அடுத்து, கடையில் காட்டும் எண்கள். எல்லாப் பெட்டியிலும் 250 வாட் என்றுதான் போட்டிருக்கும். காரணம் சட்டம். நம் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 30 நிமிடச் சக்தி 0.25 கிலோவாட்டுக்குள் இருந்து, 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் ஓய்ந்துவிட்டால் அது மோட்டார் வாகனம் இல்லை, சைக்கிள். லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். ஐரோப்பாவிலும் அதே 250, அதே 25. ஆனால் அந்த 250 என்பது நீடித்த சக்தி. பாஷ் நிறுவனத்தின் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ் நான்காம் தலைமுறை மோட்டாரும் 250 வாட்தான், உச்சத்தில் 600 வாட் தரும். எனவே வாட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

"சரி, டார்க் பாரு. ஹப்பில் 40 நியூட்டன் மீட்டர், மிட் டிரைவில் 85. இரண்டு மடங்கு!" என்பார்கள். இதில்தான் பாதிப்பேர் ஏமாறுகிறார்கள். ஹப்பின் 40 சக்கரத்தில் கிடைக்கும் 40. மிட் டிரைவின் 85 பெடல் அச்சில் கிடைக்கும் 85. சக்கரத்துக்குப் போவதற்குள் அது கியரைத் தாண்டவேண்டும். முன்னால் 32 பல், பின்னால் 50 பல் என்று வைத்தால் சக்கரத்தில் சுமார் 133. அதுவே பின்னால் 11 பல்லில் வேகமாகப் போகும்போது வெறும் 29! அதாவது சமதளத்தில், பெரிய கியரில், பொம்மை என்று நீங்கள் திட்டிய ஹப்பில்தான் டார்க் அதிகம்.

மலையில் கதை மாறும், அதை மறைக்கப் போவதில்லை. ஆளும் வண்டியுமாக 100 கிலோ என்று வையுங்கள். 8 சதவீத ஏற்றத்துக்குச் சக்கரத்தில் சுமார் 30 நியூட்டன் மீட்டர் வேண்டும். 15 சதவீதம் என்றால் 55. ஹப் மோட்டார் 25 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 190 சுற்றுப் போலச் சுற்றுவதற்காகச் செய்தது. அதை மணிக்கு 6 கிலோமீட்டரில், 45 சுற்றில், முழு பலத்தோடு இழுக்க வைத்தால் பேட்டரியில் கணிசமான பங்கு சூடாகத்தான் போகும். உள்ளே இருக்கும் நைலான் பற்சக்கரங்களுக்கும் ஆயுசு குறையும். மிட் டிரைவோ கியரைக் குறைத்துக்கொண்டு தன் வசதியான வேகத்திலேயே சுற்றும். கரடுமுரடான பாதையில் பின்சக்கரத்தில் மூணு நாலு கிலோ மோட்டார் குதிப்பதும் நல்லதில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ, தானே யேவூர் மலைக்காட்டுப் பாதைகளையோ வாராவாரம் ஏறுகிறவர் தாராளமாக மிட் டிரைவ் வாங்கட்டும். அவரோடு எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு மீதிப் பேரோடு. அய்யா, உங்கள் மலை எங்கே இருக்கிறது?

ஆண்டாப் ஹில்லின் பெயரில் இருக்கும் மலை ஒரு சின்னக் குன்று. இங்கிருந்து சயன், மாட்டுங்கா, செம்பூர், பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ் எங்கே போனாலும் தரை தட்டைதான். அதிகபட்ச ஏற்றம் ஒரு மேம்பாலம், அது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். சமதளத்தில், எதிர்காற்று இல்லாமல், 20 கிலோமீட்டர் வேகத்தில் போக மோட்டாரும் காலும் சேர்ந்து சுமார் 130 வாட் போதும். இதற்கு 85 நியூட்டன் மீட்டர் வாங்குவது, எலி பிடிக்க யானை வாங்குவது.

அந்த யானைக்குத் தீனி வேறு. மிட் டிரைவில் கால் பலமும் மோட்டார் பலமும் ஒரே செயினில் போகின்றன. செயின், பின்சக்கரப் பல் எல்லாம் சீக்கிரம் தேயும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று, கியரைக் குறைக்க மறந்து, மறுபடி அழுத்துகிற மும்பை ஓட்டலில் இன்னும் சீக்கிரம். செயின் அறுந்தால் மோட்டார் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஹப் வண்டியோ கடையில் திராட்டில் வைத்துக் கொடுத்திருந்தால் செயின் இல்லாமலும் வீடு வந்து சேரும்.

"ஹப் வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்றுவது தொல்லை, பஞ்சர் போட முடியாது" என்பார்கள். வெளிநாட்டில் சரி. நம்ம ஊர் பஞ்சர் கடைக்காரர் எந்தக் காலத்தில் சக்கரத்தைக் கழற்றினார்? டயரை ஒரு பக்கம் நெம்பி, ட்யூபை வெளியே உருவி, தண்ணீரில் முக்கி, ஒட்டி, பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடுகிறார். ட்யூபையே மாற்றும் நாளில்தான் கழற்ற வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சாவி யாரிடம் இருக்கிறது?

தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் சைக்கிள் ரிப்பேர் செய்கிறார். மிட் டிரைவ் வண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "வயரும் நட்டும்னா பிரிச்சிப் பாத்துருவேன் தம்பி. கம்பெனிக்காரன் கம்ப்யூட்டரைச் சொருகித்தான் திறக்கணும்னா, அவன்கிட்டதான் போவணும். அவன் கடையை மூடிட்டா யார்கிட்ட போவ?" என்றார். எந்த விமர்சகரும் கேட்காத கேள்வி.

ஏனென்றால் கடைகள் மூடுகின்றன. கனடாவின் பையான்எக்ஸ் 2018-ல் நொடித்தது. பேட்டரியும் மோட்டாரும் திரையும் தங்களுக்குள் தனி மொழியில் பேசும் வண்டிகள் அவை. வாங்கியவர்கள் உதிரிபாகத்துக்கு அலைந்தார்கள். நெதர்லாந்தின் வான்மூஃப் 2023 ஜூலையில் திவாலானது. செல்போன் ஆப் இல்லாவிட்டால் வண்டியே திறக்காதோ என்று பயந்த வாடிக்கையாளர்களுக்காக, போட்டிக் கம்பெனியான கவ்பாய் டிஜிட்டல் சாவியைப் பத்திரப்படுத்த ஒரு ஆப் வெளியிட்டது. பிறகு வேறொரு கம்பெனி வான்மூஃபை வாங்கிக் காப்பாற்றியது வேறு கதை.

"அவை இரண்டும் ஹப் மோட்டார்தானே?" என்று மடக்க வேண்டாம். ஆமாம், அதுதான் நான் சொல்வது. பூட்டு எதில் இருந்தாலும் பூட்டுதான். ஆனால் சாதாரண ஹப் வண்டியில் பூட்டை உடைக்க வழி உண்டு. மோட்டார் போனால் அதே ஃபிரேமில் வேறு ஹப், வேறு கன்ட்ரோலர் போடலாம். பெரிய கம்பெனி மிட் டிரைவில் ஃபிரேமே அந்த ஒரு மோட்டாருக்கென்று வார்த்தது. அந்த மோட்டார் வரத்து நின்றால், பல லட்ச ரூபாய் ஃபிரேம் காயலான் கடைக்கு.

மிட் டிரைவேதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள், சாதாரண சைக்கிளின் பெடல் அச்சுக் குழாயிலேயே மாட்டும் பஃபாங் மாதிரி கிட்டைப் பார்க்கலாம். 250 வாட்டைத் தாண்டினால் அது சட்டப்படி சைக்கிள் இல்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஜெர்மனி மச்சான் ஊருக்கு வரும்போது கொண்டுவருவார் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. 160 வாட் அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். மலை சைக்கிளின் பேட்டரி பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டியதுதான். வண்டி வரும், உயிர் வராது.

ஹப் விற்பவர்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. முப்பது, நாற்பதாயிரம் ரூபாய் வண்டியில் தடித்த டயரையும் முன் சஸ்பென்ஷனையும் மாட்டி "மவுண்டன்" என்று ஸ்டிக்கர் ஒட்டி, அது மலை ஏறும் என்று சொல்வது பச்சைப் பொய். அதைவிட, சென்சாரைப் பற்றி அவர்கள் மூச்சு விடுவதில்லை. மலிவு வண்டிகளில் இருப்பது பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார். எவ்வளவு அழுத்துகிறோம் என்று அதற்குத் தெரியாது. நெரிசலில் மெல்ல உருட்டும்போது திடீரென்று தள்ளும். அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார் இருந்தால் ஹப் வண்டியும் கால் சொன்னபடி கேட்கும். மிட் டிரைவின் பெருமையாகப் பேசப்படும் அந்த "இயல்பான ஓட்டத்தில்" பெரும்பங்கு இந்த சென்சாரின் பெருமை.

ஆகவே கடையில் வாட்டையும் டார்க்கையும் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நாலே கேள்வி கேளுங்கள். டார்க் சென்சார் இருக்கிறதா? கன்ட்ரோலர் போனால் வெளியே வாங்கிப் போடலாமா? இந்த பேட்டரிக்குப் பதில் வேறு பேட்டரி ஏற்குமா? உங்கள் கம்பெனி இல்லாவிட்டால் இதை யார் திறப்பார்?

நாலாவது கேள்விக்குக் கடைக்காரர் சிரித்தால், பர்ஸை மூடிவிட்டு வந்துவிடுங்கள்.

டிஸ்கி: மிட் டிரைவ் வைத்திருப்பவர்கள் திட்டுவதற்கு முன், போன மாதம் எத்தனை கிலோமீட்டர் மலை ஏறினீர்கள் என்று சொல்லிவிட்டுத் திட்டவும். மேம்பாலம் கணக்கில் வராது!